மாலத்தீவில் ஆங்கில ஆசிரியர் பணி: தாளில் உள்ள சம்பளமும் வீட்டுக்கு வரும் சம்பளமும்

கோவில்பட்டி ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து, ஆறு ஆண்டுகளாக ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுத்து வருகிறேன். மாதம் 19,000 ரூபாய் வாங்குகிறேன். மாலத்தீவின் தென்பகுதியில் ஒரு சிறிய தீவுப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியர் தேவை என்று தெரிந்து, சென்னையில் உள்ள முகவர் ஒருவர் வழியாக விண்ணப்பித்தேன். வாட்ஸ்அப்பில் இருபது நிமிட நேர்காணல் நடந்தது. மறுநாளே தேர்வாகிவிட்டதாகச் சொல்லி, நியமனக் கடிதம் என்ற பெயரில் ஒரே ஒரு பக்கத்தை அனுப்பினார்கள்.

அந்தத் தாளில் "மாதச் சம்பளம் 12,000 ருஃபியா, அதாவது சுமார் 66,000 ரூபாய், தங்குமிடம் இலவசம், ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டுகள்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, பள்ளி விடுமுறை மாதங்களில் சம்பளம் உண்டா என்று கேட்டால், "முழு ஒப்பந்தத்தை அங்கே போனதும் கையெழுத்திடலாம், எல்லோருக்கும் அப்படித்தான்" என்கிறார் முகவர். அவருக்கு 85,000 ரூபாய் சேவைக் கட்டணம் கட்ட வேண்டுமாம். பணியில் சேரும் வரை அசல் சான்றிதழ்களை அவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் திரும்பி வந்தால் ஒன்றரை லட்சம் தருவதாக முத்திரைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பதால் சுற்றுலாப் பயணியாகவே வந்து இறங்கிவிடுங்கள், வேலை அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்.

நான்கு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறேன். வீட்டுக் கடன் தவணையும் குடும்பச் செலவும் சேர்த்து மாதம் 40,000 ரூபாயாவது இங்கே வந்து சேர வேண்டும். அது நடக்குமா, கையெழுத்துக்கு முன் பள்ளியிடம் நான் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அங்கே பணியாற்றியவர்கள் கூறினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

முன்னாள் தீவுவாசி எழுதுகிறார்:

அம்மா, நான் இரண்டு தீவுகளில் ஏழு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டு ஊர் திரும்பியவன். உங்கள் தாளில் எனக்கு முதலில் உறுத்துவது அந்த "சுமார் 66,000 ரூபாய்" என்ற சொற்கள்தான். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அங்குள்ள அதிகாரபூர்வ மாற்று விகிதம். அந்தக் கணக்கில் 12,000 ருஃபியா 778 டாலர் ஆகிறது, டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 66,000 வருகிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் உங்கள் கையில் உள்ள ருஃபியா அத்தனைக்கும் அந்த விலையில் டாலர் தர அங்கே எந்த வங்கியும் உட்கார்ந்திருக்கவில்லை. சுற்றுலாவை நம்பிய, அரிசி முதல் வெங்காயம் வரை இறக்குமதி செய்கிற அந்த நாட்டில் டாலர் தட்டுப்பாடு நிரந்தர நோய். வெளிநாட்டுத் தொழிலாளர் மாதத்துக்கு இவ்வளவு டாலர்தான் ஊருக்கு அனுப்பலாம் என்று வங்கிகள் உச்சவரம்பு வைக்கின்றன. என் காலத்தில் அது 400 டாலராக இருந்தது. அதற்கு மேல் வேண்டுபவர்கள் வெளியில் 18, 19, சில மாதங்களில் 20 ருஃபியா வரை கொடுத்து வாங்கினார்கள்.

உங்கள் செலவையே எடுத்துக்கொள்வோம். தங்குமிடம் இலவசம் என்றாலும் சாப்பாடு, கைப்பேசி, மருந்து என்று ஒருவருக்கு 3,500 ருஃபியா போய்விடும் என்று வைத்தால் மிச்சம் 8,500. அதிகாரபூர்வ விகிதத்தில் அது 551 டாலர், அதாவது 46,800 ரூபாய். டாலருக்கு 19 ருஃபியா என்றால் 447 டாலர், அதாவது 38,000 ரூபாய். நீங்கள் சொல்லும் 40,000 இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஆகவே பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதன்று. எந்த நாணயத்தில் குறிக்கப்படுகிறது, எந்த நாணயத்தில் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பதே.

அடுத்தது அடிப்படைச் சம்பளமும் படிகளும். என் முதல் ஒப்பந்தத்தில் மொத்தத் தொகை பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்தில் இரண்டு பங்கு படியாக இருந்தது, "பணிக்கு வராத நாட்களுக்குப் படி கிடையாது" என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரியும் இருந்தது. பள்ளி மூடிய நாட்களும் பணிக்கு வராத நாட்களாம்! ஆண்டிறுதி விடுமுறையில் ஊருக்கு வந்து சம்பளத்தைப் பார்த்தபோதுதான் அந்த வரியின் பொருள் விளங்கிற்று. 2008-ஆம் ஆண்டின் மாலத்தீவு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஓராண்டு பணி முடித்தவருக்கு 30 நாள் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு உண்டு. பள்ளி விடுமுறையும் அந்த 30 நாளும் ஒன்றா வேறா, அந்த நாட்களில் படி உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

"தங்குமிடம் இலவசம்" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். தனி அறையா, இருவருக்கு ஒன்றா, மின்கட்டணம் யாருடையது என்று கேளுங்கள். டீசல் ஜெனரேட்டரில் ஓடும் தீவுகளில் மின்சாரம் மலிவானதன்று, ஏ.சி. இல்லாத தகரக் கூரை அறையில் மார்ச் மாதத்தைக் கழிப்பது எப்படி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கோவில்பட்டிக்காரருக்கு வெயில் புதிதா என்ன. விமானச் செலவும் தலைநகர் மாலேயிலேயே முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து உங்கள் தீவுக்கு உள்நாட்டு விமானமும் படகும் ஏற வேண்டும்; அந்தச் செலவைப் பள்ளி ஏற்கிறதா, போவதற்கு மட்டுமா திரும்புவதற்குமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

குடிபெயர்வுச் சட்டம் படித்தவன் எழுதுகிறேன்:

சம்பளத்தைப் பற்றி மேலே உள்ளவர் தெளிவாகவே எழுதிவிட்டார். முகவரைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்பட வைப்பது அவர்தான்.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், பதிவுச் சான்று இல்லாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது என்கிறது. அவருடைய பதிவுச் சான்று (ஆர்.சி.) எண்ணைக் கேளுங்கள், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் அந்த எண் உயிருடன் இருக்கிறதா, அது அவருடைய நிறுவனத்துக்கே உரியதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400 ரூபாய். 85,000 கேட்கிறார் என்றால், ஒன்று அவர் பதிவு பெறாதவர், அல்லது பதிவு பெற்றும் விதியை மீறுகிறவர். இரண்டில் எது என்றாலும் நீங்கள் பணம் கட்ட வேண்டிய இடம் அதுவன்று. வங்கி வழியாக, ரசீதுடன் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பதில் வரும் தோரணையிலேயே பாதி விவரம் தெரிந்துவிடும்.

அசல் சான்றிதழ்களை எக்காரணம் கொண்டும் ஒப்படைக்காதீர்கள். சான்றொப்பத்துக்காக அசல் தேவைப்பட்டால் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து நீங்களே திரும்ப வாங்குங்கள். கடவுச்சீட்டும் அப்படியே, அது 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி மத்திய அரசின் உடைமை, எந்த முதலாளியும் அடகுப் பொருளாக வைத்துக்கொள்ள முடியாது. முத்திரைத் தாளில் ஒன்றரை லட்சம் எழுதிக் கொடுத்தால் அத்தனையும் கட்டியாக வேண்டும் என்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே நீதிமன்றம் வழங்கும். ஆனாலும் வழக்கு என்று வந்தால் வாய்தாவுக்கு அலையப் போவது நீங்களும் உங்கள் அம்மாவும். கையெழுத்திடாமல் இருப்பதே மேல்.

சுற்றுலாப் பயணியாக வரச் சொல்வதற்கு நான் கொடுக்கும் பெயர் மோசடி. இந்தியர்கள் விசா இல்லாமல் 90 நாள் சுற்றிப் பார்க்கலாம் என்பது உண்மை; அதில் வேலை செய்யும் உரிமை அடங்காது. பள்ளி முதலில் உங்கள் பெயரில் வேலைவாய்ப்பு ஒப்புதல் பெற வேண்டும், அதன் நகலோடு நீங்கள் விமானம் ஏற வேண்டும். அனுமதி இல்லாமல் வகுப்பெடுத்து, சம்பளம் வராமல் போனால் எந்த அதிகாரியிடம் நின்று முறையிடுவீர்கள்?

மாலேயிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதுகிறார்:

நான் இப்போதும் இங்கே பணியில் இருக்கிறேன். மேலே உள்ள இருவரும் சொன்னது சரியே. ஆனால் சகோதரி பயந்து வாய்ப்பையே விட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தீவுப் பள்ளிகளில் டாலரில் சம்பளம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. பள்ளிக்கே வருமானம் ருஃபியாவில் வரும்போது அவர்கள் டாலருக்கு எங்கே போவார்கள்? மாலேயில் உள்ள சில தனியார் நிறுவனங்கள் மட்டுமே டாலரில் தருகின்றன. எனவே "டாலரில் கொடுங்கள்" என்று கேட்பதைவிட, "வெளிநாட்டு ஆசிரியர்கள் பணம் அனுப்பப் பள்ளி ஏதேனும் ஏற்பாடு செய்திருக்கிறதா, இப்போது அங்கு பணிபுரியும் இந்திய ஆசிரியர் ஒருவரிடம் நான் பேசலாமா" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு மறுப்பு வந்தால் எனக்கு ஐயம் வந்துவிடும். உச்சவரம்பும் 400 டாலரிலேயே நிற்கவில்லை. என் கணக்கு இருக்கும் வங்கி 2025-இல் அதை 150 டாலருக்குக் கொண்டுவந்துவிட்டது. வெளியில் மாற்றிக்கொள்ளலாம் என்று எளிதாகச் சொல்வார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது, ஏமாற்று வேலையும் மிகுதி. என்னுடன் ஒரே அறையில் இருந்தவர் இரண்டு மாதச் சம்பளத்தை அப்படி யாரிடமோ கொடுத்துவிட்டு இன்றும் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பாடவேளை எண்ணிக்கையைக் கேட்க மறக்காதீர்கள். "தலைமையாசிரியர் ஒப்படைக்கும் பிற பணிகள்" என்று ஒரு வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். மாலை வகுப்பு, விளையாட்டு விழா, நூலகம் எல்லாம் அந்த ஒரே வரிக்குள் அடங்கிவிடும். வாரத்துக்கு எத்தனை பாடவேளை, அதற்கு மேல் எடுத்தால் தனி ஊதியம் உண்டா என்பது எழுத்தில் இருந்தால் பிறகு வாதிடலாம். வேலை நாட்கள் ஞாயிறு முதல் வியாழன் வரை.

விலகுவது பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். இங்குள்ள சட்டப்படி தகுதிகாண் பருவம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் இரு தரப்பும் முன்னறிவிப்பின்றி விலகலாம். ஓராண்டு கடந்த பிறகு ஒரு மாத முன்னறிவிப்பு போதும். உங்கள் முகவரின் முத்திரைத் தாள் இந்தச் சட்டம் உங்களுக்குத் தரும் வாசலைத்தான் அடைக்கப் பார்க்கிறது.

தணிக்கை அலுவலக ஊழியர் எழுதுகிறார்:

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாலத்தீவில் 2020 முதல் வருமான வரி உண்டு என்றாலும், ஆண்டுக்கு 7,20,000 ருஃபியா வரை தனிநபருக்கு வரியில்லை. எனவே இந்தச் சம்பளத்தில் பிடித்தம் இருக்காது. யாராவது "வரிப் பிடித்தம்" என்று காட்டினால் விளக்கம் கேளுங்கள். இந்தியாவில் நீங்கள் கிளம்பும் மாதம் முக்கியம். நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர், அங்கே ஈட்டிய சம்பளத்துக்கு இங்கே வரியில்லை. ஜனவரியில் கிளம்பினால் அந்த நிதியாண்டுக்கு நீங்கள் உள்நாட்டவரே. மார்ச் வரையிலான அந்தச் சம்பளத்தையும் கணக்கில் காட்ட வேண்டும். ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுங்கள்.

கோவில்பட்டி ஆசிரியை மீண்டும் எழுதுகிறார்:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. ஆர்.சி. எண் கேட்டதற்கு முகவர் இரண்டு நாள் கைப்பேசியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் "நம்பிக்கை இல்லையென்றால் வேறு ஆள் இருக்கிறார்கள்" என்று ஒரு குரல் பதிவு வந்தது. பிறகு நேர்காணலில் பேசிய ஆசிரியரின் பெயரை வைத்துப் பள்ளியின் மின்னஞ்சலைத் தேடி எடுத்து, நீங்கள் சொன்ன கேள்விகளை நேரடியாகவே எழுதி அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. அடிப்படைச் சம்பளம் 8,000, படிகள் 4,000; விடுமுறையில் அடிப்படைச் சம்பளம் மட்டும்; மின்கட்டணம் ஆசிரியருடையது. முகவருக்கு 85,000 என்பது தங்களுக்குத் தெரியாது என்றும், வேலைவாய்ப்பு ஒப்புதலைத் தாங்களே எடுத்து அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறார்கள். அங்கே பணிபுரியும் கேரள ஆசிரியை ஒருவரின் எண்ணையும் அவரது சம்மதத்துடன் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளி முடிந்ததும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் நான் கேட்கப் போவது ஒன்றுதான்: போன மாதம் ஊருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள், எப்படி அனுப்பினீர்கள்? அந்தத் தொகை 40,000-ஐத் தொடவில்லையென்றால், படியை விடுமுறைக்கும் சேர்த்துத் தரும்படி பள்ளியிடம் கேட்டுப் பார்ப்பேன். அதற்கு அவர்கள் இசையவில்லையென்றால் இந்தக் கல்வியாண்டை இங்கேயே முடித்துவிடலாம் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.