தை மாதப் புதுமனை புகுவிழா: எந்த ஊர் இராகு காலத்தைப் பார்ப்பது?

பொங்கோல் வாசி:
புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தை மாதச் சனிக்கிழமை ஒன்றில் பால் காய்ச்சுவதாக இருக்கிறோம். குருக்கள் காலை 9.00 முதல் 10.00 மணிக்குள் நேரம் குறித்துக் கொடுத்தார். மாமியாரோ, சென்னையிலிருந்து வந்த தினசரி நாட்காட்டியைக் காட்டி, அன்று 9.00 முதல் 10.30 வரை இராகு காலம், அடுப்பே பற்றவைக்கக் கூடாது என்கிறார். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால் இங்கு இராகு காலம் 11.30 மணிக்குத்தான் தொடங்கும் என்பது கணவரின் வாதம். யார் சொல்வது சரி?

ஈசூன் பஞ்சாங்கப் பிரியர்:
குருக்கள் சொல்வதே சரி. சூரிய உதயம் முதல் அத்தமனம் வரையுள்ள பொழுதை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை இராகுவுக்கு ஒதுக்குவதுதான் கணக்கு. 'திருநாள் சந்தடியில் வெயிலில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா' என்ற வாய்பாட்டில் சொற்களின் முதலெழுத்துகள் கிழமைகளைக் குறிக்கும்; அதன்படி இரண்டாம் பங்கிலிருந்து தொடங்கி, திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு. நாட்காட்டியில் அச்சிடும் நேரங்கள், சூரியன் 6.00 மணிக்கு உதிப்பதாகக் கொண்டவை. சிங்கப்பூர் ஏறக்குறைய 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருந்தாலும், நம் கடிகாரம் 120 பாகைக்குரிய நேரத்தைக் காட்டுவதால், தை மாதத்தில் இங்கு உதயம் 7.15 மணியை ஒட்டியே நிகழ்கிறது. ஆகவே சனிக்கிழமை இராகு காலம் சுமார் 10.15 முதல் 11.45 வரை. கணவர் சொல்லும் இரண்டரை மணி நேரத்தைத் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரங்களுக்குத்தான் கூட்ட வேண்டும். அவை உலகெங்கும் ஒரே கணத்தில் முடிபவை. இங்கே பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தேக்கா நடைவாசி:
இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமானதன்று. சீன ஜாதகத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் கொண்ட பன்னிரண்டு பொழுதுகளாகப் பிரிவதால், ஒரு மணி நேரம் பிசகினாலும் பிறந்த பொழுதே மாறிவிடக்கூடும். சிங்கப்பூர்க் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டதால், என் சீன நண்பருக்குக் கணித்தவர் முதலில் கேட்டது அவர் அதற்கு முன் பிறந்தவரா என்பதைத்தான். கடிகாரமே வேண்டாத, குறி கேட்கும் முறைகளும் உண்டு. வாட்டர்லூ ஸ்திரீட்டில், ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலை அடுத்துள்ள சீனர்களின் குவான் இம் கோயிலில், பக்தர்கள் மண்டியிட்டு எண்ணிட்ட குச்சிகள் நிறைந்த குவளையை ஒன்று வெளியே விழும்வரை குலுக்குவார்கள். பிறகு பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டைத் தரையில் போட்டு, ஒன்று நிமிர்ந்தும் மற்றது கவிழ்ந்தும் விழுந்தால்தான் அந்த எண்ணை ஏற்பார்கள். நம்மவர் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பதைவிட இது ஒரு படி கறாரானது என்றே சொல்வேன், ஏனெனில் வந்த விடையையும் சரிபார்க்கிறார்கள். பர்மியரோ புதன்கிழமை நண்பகலுக்குப் பிந்திய பொழுது முழுவதையும் இராகுவுக்கே கொடுத்துவிட்டார்கள்!

ஜூரோங் தாத்தா:
கணக்கு சரிதான், ஆனால் தை மாதத்தில் சென்னையிலேயே சூரியன் ஆறரை மணியளவில்தான் உதிக்கிறது. அங்கே எவரும் அதற்காக நாட்காட்டியைத் திருத்துவதில்லை. உங்கள் மாமியார் பின்பற்றுவது வழக்கத்தை. அதைக் கணக்கால் மறுத்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். விடியலுக்கு முன் 5.30 முதல் 6.30 மணிக்குள் பால் காய்ச்ச முடியுமா என்று குருக்களிடம் கேளுங்கள் அம்மா. இராகு காலம் பகலுக்கு மட்டுமே சொல்லப்படுவதால் எந்த ஊர்க் கணக்கும் குறுக்கே வராது. மணியை மட்டும் மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். அந்நேரத்தில் பக்கத்து வீட்டார் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.