எலிஷீர் புக்கால்: வாயலசியா, கொப்பளிப்பு நீரா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். போர்த்துகீசிய–தமிழ் மருந்தகச் சொற்பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போர்ச்சுகலில் 'எலிஷீர் புக்கால்', பிரேசிலில் 'என்ஷாகுவாந்த் புக்கால்'. இரண்டும் வாய் கொப்பளிக்கிற மருந்துநீர்தான். சிக்கல் வினைச்சொல்லில். 'பொஷெஷார்' கன்னத்துக்குக் கன்னம் சுழற்றுவது. 'கார்காரெஜார்' அண்ணாந்து தொண்டையில் களகளப்பது. நாம் இரண்டையும் 'கொப்பளி' என்றுதான் சொல்கிறோம்.

பல் மருத்துவர்:
இரண்டையும் கட்டாயம் பிரியுங்கள். கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் 0.2% என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம், வாய்க்குள் மட்டும். பிறகு துப்பிவிட வேண்டும். 'கொப்பளிக்கவும்' என்று போட்டால் சிலர் அண்ணாந்து தொண்டைக்கு விடுவார்கள், கொஞ்சம் உள்ளே இறங்கிவிடும். பற்பசையின் நுரைப்பொருள் இந்த மருந்தை முடக்கும். பல் துலக்கி அரை மணி நேரம் கழித்தே பயன்படுத்த வேண்டும். 'வாயலசி'க்கு என் வாக்கு.

தமிழாசிரியர்:
'அலசி' என்றால் அலசும் ஆள் என்றும் படும். 'பொஷெஷார்' வினைக்கு அடியான 'பொஷேஷா' என்றால் கன்னம். கன்னத்துக்குக் 'கதுப்பு' என்று நம்மிடமே சொல் இருக்கிறது. 'கதுப்பலசல்' என்போம்.

சங்க இலக்கிய ஆர்வலர்:
ஐயா, சங்கப் பாடல்களில் கதுப்பு பெரும்பாலும் கூந்தல். 'நறுங்கதுப்பு' படித்தவர் இதைத் தலைமுழுக்கு என்று எடுத்துக்கொள்வார்.

தமிழாசிரியர்:
கூந்தலும் கன்னமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. பொருள் அங்கிருந்து இங்கு நகர்ந்திருக்கலாம். இன்னொன்று: இருமல் மருந்தான 'ஷாரோப்'பும் நம் சர்பத்தும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. அதைச் 'சாறு' என்று பெயர்க்காதீர்கள்.

மருந்தாளுநர்:
ஷாரோப்புக்குச் 'சிரப்' போதும். கவனிக்க வேண்டியது அளவு. 'கொல்யேர் டெ ஷா' (தேக்கரண்டி) 5 மி.லி.; 'கொல்யேர் டெ சோப்பா' (சூப் கரண்டி) 15 மி.லி. இரண்டையும் வெறும் 'கரண்டி' என்று எழுதினால் மருந்து மூன்று மடங்காகும். 'கொன்ஷ்டிபசாவ்' என்பதும் போர்ச்சுகலில் சளிப்பிடித்தல். ஆங்கிலச் சொல்லை நினைத்து மலச்சிக்கல் என்று எழுதினால் சளிக்காரருக்குப் பேதிமருந்து போகும்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. பெரும்பான்மைப்படி: எலிஷீர் புக்கால் – வாய் அலசு நீர்; பொஷெஷார் – வாய்க்குள் அலசு; கார்காரெஜார் – தொண்டையில் கொப்பளி. அளவுகள் மி.லி.யில் மட்டும்.

தமிழாசிரியர்:
'வாய் அலசு நீர்' விளக்கம்; கலைச்சொல் ஆகாது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடைப்புக்குறிக்குள்ளாவது 'கதுப்பலசல்' இருக்கட்டும்.