வேர்க்கடலை பாக்கெட்டில் ‘வேர்க்கடலை உள்ளது’ என்று எதற்கு?

எறும்பெழுத்து:
வேர்க்கடலை பாக்கெட்டில் ‘வேர்க்கடலை உள்ளது’. தூக்க மாத்திரை அட்டையில் ‘தூக்கம் வரலாம்’. ஷூ டப்பாவுக்குள் கிடக்கும் குட்டிப் பொட்டலத்தில் ‘சாப்பிடாதீர்’. இதையெல்லாம் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், பணம் பிடுங்கும் வரியை மட்டும் பூதக்கண்ணாடிக்கும் சிக்காமல் அடிக்கிறார்கள். இந்த அசட்டு எச்சரிக்கைகளுக்கு உருப்படியான காரணம் ஏதாவது உண்டா? முப்பது பக்க நிபந்தனையில் எதைக் கட்டாயம் படிக்கணும்?

ஈரம்உறிஞ்சி:
பாதிக்கு மேல் காரணம் இருக்குங்க. வேர்க்கடலை அவரைக் குடும்பம். பாதாம், முந்திரி எல்லாம் வேறு சாதி. அதனால் கடலை பாக்கெட்டில் ‘பாதாம், முந்திரி இருக்கலாம்’ என்று போட்டால் சிரிக்காதீங்க. அதே மெஷினில் அவையும் ஓடியிருக்கும். ‘உள்ளது’ என்றால் சேர்த்தே செய்தது, ‘இருக்கலாம்’ என்றால் துகள் ஒட்டியிருக்க வாய்ப்பு. அலர்ஜி உள்ளவருக்கு இரண்டுமே ஆபத்துதான்.

ஷூ டப்பா பொட்டலம், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். வெள்ளை மணி விஷமில்லை, குழந்தை தொண்டையில் சிக்கும் என்பதுதான் பயம். ஈரம் பட்டால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் மணி என்றால் உஷார்: அதில் கோபால்ட் குளோரைடு இருக்கலாம், அது நச்சு. உணவு பாக்கெட்டுக்குள் வரும் ஆக்சிஜன் உறிஞ்சி வேறு. உள்ளே பெரும்பாலும் இரும்புத்தூள். நாய் விழுங்கிவிட்டால் உடனே கால்நடை மருத்துவர்.

நட்சத்திரக்குறி:
வக்கீல்களுக்கும் குசும்பு உண்டு. 2016இல் அமேசான் வெளியிட்ட லம்பர்யார்ட் என்ற கேம் எஞ்சினின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) நிபந்தனை 57.10, அதை மருத்துவக் கருவி, அணு உலை போன்றவற்றில் பயன்படுத்தாதே என்றது. பிணங்கள் எழுந்து வந்து மனிதரைக் கடித்துத் தின்னும் தொற்று பரவினால் மட்டும் தடை நீங்குமாம். அதையும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சான்றளிக்கணும். கதவை ஜோம்பி தட்டினாலும் சர்டிஃபிகேட் வரும்வரை பொறு!

விளையாட்டு என்று எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1996 பெப்சி விளம்பரம். 70 லட்சம் பாயின்ட் சேர்த்தால் ஹாரியர் போர் விமானம் என்றார்கள். ஆனால் பரிசுத் திட்ட விதிப்படி 15 பாயின்ட் கையில் இருந்தால் மீதியை ஒன்று 10 சென்ட்டுக்கு வாங்கலாம். ஒருவர் கணக்குப் போட்டு ஏழு லட்சம் டாலருக்குச் செக் அனுப்பிவிட்டார். இதை யாரும் நிஜமென்று நம்ப மாட்டார்கள் என்று 1999இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதற்குள் விளம்பரத்தில் 70 லட்சம் 70 கோடியாகி, ‘சும்மா தமாஷ்’ என்ற வரியும் ஏறிவிட்டது.

கீழ்க்குறிப்பு:
எதைப் படிக்கணும் என்றால்: முதலில் ‘வரையறைகள்’ பகுதி. ‘ஆயுட்கால உத்தரவாதம்’ என்பது யார் ஆயுள் என்று அங்கேதான் தெரியும். பல இடங்களில் பொருளின் ஆயுள், அது எத்தனை வருஷம் என்பதும் கம்பெனி சொல்வதுதான். பிறகு ஆவணத்துக்குள் ‘தவிர’, ‘வரை’, ‘தானாகப் புதுப்பிக்கப்படும்’, ‘முன்னறிவிப்பின்றி’ என்று தேடுங்க. ‘70% வரை தள்ளுபடி’ என்றால் எல்லாப் பொருளுக்கும் 70 கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

சந்தா என்றால் ரத்து செய்ய எத்தனை நாள் முன்பே சொல்லணும் என்று பார்த்து, அதற்கும் ஒரு வாரம் முன்னால் மொபைலில் நினைவூட்டல். சேரும் அன்றே நிபந்தனைப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப்பாகச் சேமிச்சிடுங்க. பின்னால் அவர்கள் மாற்றினால் உங்களிடம் பழசு இருக்கணும்.

நட்சத்திரக்குறி:
இதையும் கேளுங்க. 2019இல் ஸ்குவேர்மவுத் என்ற பயணக் காப்பீட்டு நிறுவனம், பாலிசியின் பொடி எழுத்தில் 10,000 டாலர் பரிசை ஒளித்து வைத்தது. முழுசாகப் படித்த ஒரு பெண்மணி 23 மணி நேரத்தில் மெயில் போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.