மதியம் இரண்டரை ஆனால் கண்ணைத் திறக்க முடியவில்லை, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

காரைக்குடி, கல்லுக்கட்டிப் பக்கம்

ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. காலையில் ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை கை பறக்கும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தேன் என்றால் தீர்ந்தது கதை. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல இருக்கும். போன மாதம் 12 டஜன் கீல் என்று அடிக்க வேண்டிய இடத்தில் 120 டஜன் என்று அடித்துவிட்டேன். பில்லைப் பார்த்தவர் போன் போட்டு, "நான் கட்டுறது வீடுதானப்பா, வெறும் கதவா கட்டச் சொல்றியா?" என்று சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் டீ. மூன்று மணிக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, ஏழு மணிக்குக் கடைசியாக ஒன்று. குடித்த கொஞ்ச நேரத்தில் தெளிவு வரும். ஆனால் ராத்திரி பன்னிரண்டரை வரை மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மறுநாள் மதியம் இன்னும் மோசம். ஆத்தா "சோத்தக் குறைடா" என்கிறார். வீட்டில் "செல்லைக் குறைங்க" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்குமோ என்பதுதான் எரிச்சல். எனர்ஜி டிரிங்க் பக்கம் போக இஷ்டமில்லை. கேள்விப்பட்டதை விடுங்கள், நீங்கள் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடி

அண்ணே, நான் தரைக்கல் போடுகிறவன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்குகிற நேரத்தில் கை அசையக்கூடாது. அசைந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கிவிடும், பூ பூவாக இருக்காது. கண்ணாடியைக் கழற்றியதும் வண்டவாளம் தெரிந்துவிடும். என் கையில் வீணான கல்லெல்லாம் பெரும்பாலும் இரண்டு மணிக்கு மேல் மூன்றரைக்குள் போட்டவை.

தூக்கத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் வேலையைத்தான் மாற்றினேன். பூக்கல் எல்லாம் காலையில். மதியத்துக்கு மணல் சலிப்பது, காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது மாதிரி உடம்பு அசைகிற வேலை. குனிந்து நிமிர்ந்துகொண்டே இருப்பவனுக்குத் தூக்கம் எங்கே வரும்? உங்களுக்கும் ஸ்டாக் எண்ணுவது, சாமான் எடுத்து வைப்பது என்று ஏதாவது இருக்குமே, அதை மதியத்துக்குத் தள்ளுங்கள்.

அப்புறம், சாப்பிட்டதும் துண்டை விரித்துக் கால் மணி நேரம் படுப்பேன். அலாரம் வைத்துத்தான். ஒருநாள் அலாரம் வைக்க மறந்து ஒன்றேகால் மணி நேரம் தூங்கிவிட்டேன். எழுந்தபோது எந்த ஊர், என்ன கிழமை என்றே பிடிபடவில்லை, நாலரை வரை மண்டை கனத்தது. ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விட்டுப் பாதியில் எழுந்தால் அப்படித்தான் இருக்குமாம்.

இந்த வெயிலில் தண்ணீர் குறைந்தாலும் அசதிதான். காலையில் நீராகாரம், பதினொரு மணிக்கு உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு. அதைத் தவறவிட்ட நாள் எனக்குத் தனியாகத் தெரியும்.

பள்ளத்தூர்

என் மச்சான் ஒரு பவுடர் விற்கிறார். காலையில் பாலில் கலந்து குடித்தால் ராத்திரி வரை சோர்வே வராதாம். டப்பா என்ன விலை என்று கேட்டேன். கேட்டதுமே சோர்வு போய்விட்டது.

தேவகோட்டை

தம்பி, நான் பள்ளிக்கூட டீச்சர். மதியம் முதல் பீரியடில் பிள்ளைகள் தூங்குவார்கள் என்பார்கள், எங்கள் வகுப்பில் தூங்கியது நான்தான். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே நின்றபடி கண் சொக்கியிருக்கிறேன். நாற்பத்தைந்து வயதாகிறது, வேறென்ன என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சோறுதான் காரணம் என்று ஒரு வாரம் மதியச் சாப்பாட்டையே விட்டுப் பார்த்தேன். தூக்கமும் வந்தது, கூடவே தலைவலியும் வந்தது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பின் கடிகாரமே மதியத்தில் ஒருமுறை இறங்குமாம். எல்லாருக்கும் உள்ளதுதான். நிறையச் சோறு சாப்பிட்டால் அந்த இறக்கம் பள்ளமாகிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் என் விஷயம் அதோடு நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருந்தது. மாதவிலக்கும் அந்த இரண்டு வருடமாக அதிகம். மகள் பிடிவாதமாக ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். ஹீமோகுளோபின் 8.6. என்னைப் போன்ற பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் மதியம் மேசையில் தலை வைத்துப் படுப்பதை நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் கேட்ட ஒரு கேள்வியை மறக்க முடியாது: "சாப்பிட்டதும் டீ குடிப்பீங்களா?" பதினைந்து வருடமாக டிபன் பாக்ஸை மூடியதும் பிளாஸ்கைத் திறக்கிறவள் நான். டீயில் இருக்கும் டானின், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம். முருங்கைக்கீரையைப் பொரியல் செய்து சாப்பிட்டுவிட்டு, மேலே டீயை ஊற்றிக் கெடுத்திருக்கிறேன். இப்போது சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுகிறேன். சாப்பாட்டோடு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை ஏதாவது ஒன்று. வைட்டமின் சி கூட இருந்தால் கீரையில், பயறில் உள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கீரையாலும் பேரீச்சம்பழத்தாலும் மட்டும் நான் தேறவில்லை. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை மூன்று மாதம் விடாமல் விழுங்கித்தான் 11.4க்கு வந்தேன். 8.6ல் இருந்துகொண்டு இயற்கை வைத்தியம்தான் வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் இன்னும் கரும்பலகையில் முட்டிக்கொண்டு நின்றிருப்பேன்.

கானாடுகாத்தான்

தேவகோட்டை ஆச்சி சொல்வதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிட்டயரான ஆள், 67 வயது. மதியம் சாப்பிட்டதும் அடித்துப் போட்டதுபோலத் தூக்கம், ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் சர்க்கரை 280.

உடனே சொந்தக்காரர்கள் எல்லாம் கவுனியரிசி சாப்பிடுங்கள், சர்க்கரைக்கு நல்லது என்றார்கள். கவுனியரிசிக்கு நம் வீட்டுப் பக்குவம் என்ன? வேகவைத்து, சீனி போட்டு, தேங்காய் துருவி, நெய்யை ஊற்றி இறக்குவது. கலியாண வீட்டுப் பலகாரத்தை மருந்தென்று ஒரு வாரம் சாப்பிட்ட பெருமை எனக்குண்டு. பலன் என்னவென்று சொல்லவும் வேண்டுமா?

மாத்திரையோடு நான் மாற்றியது இரண்டுதான். முதலில் காய், சுண்டல், முட்டை என்று ஏதாவது வயிற்றில் போட்டுவிட்டு, சோற்றைக் கடைசியில், முன்பு சாப்பிட்டதில் பாதி. எங்கள் சாப்பாட்டில் குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று மூன்று முறை சோறு விழும், அதை ஒப்பேற்றிக் குறைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. இரண்டாவது, சாப்பிட்டதும் வீட்டுக்குள்ளேயே வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடை. வெயிலில் வெளியே போகவேண்டியதில்லை, தூணோரமாகவே சுற்றலாம். நடக்கிற தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வீட்டில் ஆச்சி கூடத்துப் பட்டாலையில் உட்கார்ந்துகொண்டு சுற்று எண்ணுவார், ஏமாற்ற வழியில்லை.

எங்கள் ஐயாவும் மதியம் பட்டாலைத் தரையில் படுப்பார், பிள்ளைகள் சத்தம் போட்டால் தொலைந்தோம். ஆனால் அவர் காலை நாலரைக்கு எழுந்து எட்டரைக்குள் படுக்கிறவர். நாம் பன்னிரண்டு வரை டிவி பார்த்துவிட்டு அவர் தூங்கிய மதியத் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

தம்பி, குறட்டை விடுவீர்களா? நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதுண்டா? வீட்டில் கேளுங்கள். இருந்தால் அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

காரைக்குடி, மூன்று வாரம் கழித்து

கேள்வி கேட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள். செய்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். சர்க்கரை பார்த்தேன், சரியாக இருக்கிறது. குறட்டை உண்டு, திணறல் இல்லை என்று வீட்டில் சான்றிதழ் கிடைத்தது.

முதலில் ஏழு மணி டீயை நிறுத்தினேன். உள்ளே போன கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகுமாம். அப்படியென்றால் பன்னிரண்டு மணிக்கு நான் கூரையைப் பார்த்தபோது என் ரத்தத்தில் அரை டீ ஓடிக்கொண்டிருந்தது. முதல் நான்கு நாள் தலைவலி, எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். ஆறாம் நாள் பதினொரு மணிக்கே தூங்கிவிட்டேன்.

இப்போது சாப்பிட்டுக் கடைக்கு வந்ததும் சின்னக் கப்பில் காபி ஒன்று, உடனே குடோனில் சாக்கை விரித்து இருபது நிமிடம் படுக்கை. காபி வேலை செய்யத் தொடங்கவும் அலாரம் அடிக்கவும் சரியாக இருக்கிறது. முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தால், "எனக்கும் ஒரு சாக்கு போடு" என்றார். ஆத்தங்குடித் தம்பி சொன்னபடி பில் வேலை காலையில், ஸ்டாக் எண்ணுவது மதியத்தில். சோற்றைக் குறைப்பதில் மட்டும் பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கிறேன். இரண்டரைக்கு இன்னமும் கண் கனக்கிறது, ஆனால் நாற்காலியிலிருந்து சரிகிற அளவுக்கு இல்லை.

டீச்சர், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்கு முன்பே டீ போடுகிறவர். இரண்டு வருடமாக மதியம் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுகிறார், நான்தான் சோம்பேறி என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன். நேற்றுக் கீழிமையை இழுத்துப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம்.