வளர்ச்சிப் பொருளாதாரமா, வளர்ச்சிக் கொள்கையா: முதுகலைக்கு எதை எடுப்பது?

குழாயடி:

வணக்கம். சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் குடிநீர்த் திட்டங்கள் செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இன்ஜினியர் என்று பெயர், ஆனால் களத்தில் நின்றதைவிட அறிக்கை எழுதியதுதான் அதிகம். நிதி கொடுப்பவர்கள் கேட்பது எத்தனை குழாய், எத்தனை வீடு, எத்தனை மீட்டர் பைப். அதை எழுதி அனுப்பினால் அடுத்த தவணை வந்துவிடும். அந்தக் குழாயால் யாருக்கு என்ன மாறியது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

இந்த எரிச்சலில்தான் மேலே படிக்க விண்ணப்பித்தேன். இரண்டு இடத்தில் கிடைத்திருக்கிறது. ஒன்று வளர்ச்சிப் பொருளாதாரத்தில் எம்.எஸ்சி., கணக்கு அதிகம் என்கிறார்கள். இன்னொன்று வளர்ச்சிக் கொள்கையில் எம்.ஏ., கட்டுரை எழுதித் தள்ள வேண்டும் என்கிறார்கள். பொருளாதாரத்தை நான் முறையாகப் படித்ததே இல்லை. எதை எடுத்தால் உருப்படுவேன்? கணக்கு என்னை முழுங்கிவிடுமா?

அடிக்குறிப்பு:

திட்டங்களை மதிப்பீடு செய்வதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு படிப்பின் பெயரையும் மறந்துவிடுங்கள். பெயர் வைப்பவர்கள் வேறு, பாடம் நடத்துபவர்கள் வேறு. 'கொள்கை' என்று பெயர் வைத்துவிட்டு வருடம் முழுக்கக் கணக்கு நடத்தும் துறையும் உண்டு. 'பொருளாதாரம்' என்று போட்டுவிட்டு ஒரு ரிக்ரஷன்கூட (ஒன்று மாறும்போது இன்னொன்று சராசரியாக எவ்வளவு மாறுகிறது என்று தரவில் பார்க்கும் கணக்கு) ஓட்டாமல் பட்டம் கொடுக்கும் துறையும் உண்டு. இணையதளத்தில் புல்தரையில் சிரிக்கும் மாணவர்களைத் தாண்டி உள்ளே போனால் கட்டாயப் பாடங்களின் பட்டியல் இருக்கும். அதில் எகனாமெட்ரிக்ஸ் (தரவை வைத்துப் பொருளாதாரக் கேள்விகளுக்கு விடை தேடும் புள்ளியியல்) பாடத்தின் வாரவாரித் திட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். பாதிப் பருவம் வரை சராசரியும் திட்ட விலக்கமும் ஓடினால், அடுத்தவர் எழுதிய கட்டுரையை வாசிக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று அர்த்தம். சீக்கிரமே இன்ஸ்ட்ருமென்டல் வேரியபிள், ஃபிக்ஸட் எஃபெக்ட் என்று, எதனால் எது மாறியது என்பதைப் பிரித்தறியும் முறைகளுக்குப் போனால் நீங்களே செய்யக் கற்றுத்தருகிறார்கள்.

கணக்கு பற்றி. இன்ஜினியர்கள் இங்கே பயப்படுவது தப்பான இடத்தில். லாக்ராஞ்ச் முறையும் மேட்ரிக்ஸும் உங்களுக்குப் பழகியவை, வகைநுண்கணிதமும் கையில் இருக்கும். ஒரு மாதம் தூசி தட்டினால் போதும். லாப்லாஸ், ஃபூரியர் எல்லாம் எம்.எஸ்சி.யில் உங்களைத் தேடி வராது. உதைக்கப்போவது நிகழ்தகவு. நிபந்தனைசார் எதிர்பார்ப்பு (ஒன்று தெரிந்திருக்கும்போது இன்னொன்றின் சராசரி) என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரிக்ரஷன் என்பதே அதுதான். விடுமுறையில் வேறு எதையும் படிக்காமல் அதை மட்டும் படியுங்கள்.

இனி முக்கியமான விஷயம். இந்தப் படிப்பு கடைசியில் என்ன சொல்லித்தரும் என்பதற்கு ஒரே ஒரு கட்டுரையைக் காட்டுகிறேன். பொருளாதார நிபுணர் எஸ்தர் டுஃப்லோ 2001-ல் வெளியிட்டது. பின்னால் 2019-ல் அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரெமர் இருவரோடும் பொருளாதார நோபல் வாங்கினாரே, அவர்தான்.

1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் இந்தோனேசிய அரசின் கையில் காசு புரண்டது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் 61,000-க்கும் மேல் தொடக்கப் பள்ளிகளைக் கட்டினார்கள். உங்கள் நிதியாளராக இருந்தால் அறிக்கை இங்கேயே முடிந்தது: பள்ளி 61,000, சரி, அடுத்த தவணை. டுஃப்லோவின் கேள்வி அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. அந்தப் பள்ளிகளால் பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்களா, படித்ததால் பெரியவர்களானதும் கூலி கூடியதா?

பள்ளி அதிகம் கட்டிய பகுதியையும் குறைவாகக் கட்டிய பகுதியையும் நேராக ஒப்பிட முடியாது. பள்ளியில் சேராத பிள்ளைகள் அதிகம் இருந்த பகுதிகளுக்குத்தான் அரசு அதிகம் கொடுத்தது. அங்கே கூலி குறைவாக இருந்தால், பள்ளி கட்டியதால் கூலி குறைந்தது என்றா எழுதுவீர்கள்? அதனால் அவர் வயதைப் பிடித்தார். 1974-ல் 2 முதல் 6 வயது வரை இருந்தவர்களுக்குப் புதிய பள்ளி முழுதாகக் கிடைத்தது. 12 முதல் 17 வயது வரை இருந்தவர்களுக்கு அது காலம் கடந்து வந்தது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, பள்ளி அதிகம் கட்டிய பகுதியில் எவ்வளவு, குறைவாகக் கட்டிய பகுதியில் எவ்வளவு? அந்த வித்தியாசத்தின் வித்தியாசம்தான் பள்ளியின் பலன். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடினால் படிப்பு 0.12 முதல் 0.19 ஆண்டு வரை கூடியது, கூலி 1.5 முதல் 2.7 சதவீதம் வரை கூடியது என்று வந்தது.

எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்த இடம் அந்த எண்கள் அல்ல. 12–17 வயதுக் கூட்டத்தை 18–24 வயதுக் கூட்டத்தோடு வைத்து அதே கணக்கை இன்னொரு தரம் போட்டிருப்பார். இரண்டு கூட்டத்துக்குமே புதிய பள்ளி பயன்படவில்லை, அதனால் விடை பூஜ்ஜியத்தை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் முழுக் கதையும் கந்தல். தன் கதையைத் தானே கவிழ்த்துப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் எம்.எஸ்சி.யில் கிடைக்கும் உண்மையான சரக்கு. எந்த மென்பொருள், ஸ்டேட்டாவா ஆர்-ஆ என்று சண்டை போடுவார்கள், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

'என்ன மாறியது' என்பது உங்கள் கேள்வி என்றால் முதல் படிப்பு. 'அதை ஏன் யாரும் கேட்கவில்லை' என்பது கேள்வி என்றால் இரண்டாவது. நீங்கள் எழுதியதில் இரண்டும் இருக்கிறது. ஆனாலும் முதலாவதைத்தான் சொல்வேன். கொள்கை பற்றிய புத்தகங்களை வேலையில் இருந்துகொண்டே வாசித்துக்கொள்ளலாம். எகனாமெட்ரிக்ஸை வேலை முடிந்த ராத்திரிகளில் கற்றுக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுபக்கம்:

அடிக்குறிப்பு சொன்னதில் பாதிக்கு ஒரு வணக்கம். மீதிப் பாதிக்கு மெக்ஸிகோவைப் பாருங்கள்.

புரோக்ரேசா என்ற திட்டம் 1997-ல் தொடங்கியது. பிள்ளையைப் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் அனுப்பினால் தாய் கையில் பணம். மதிப்பீட்டுக்காக 506 கிராமங்களை எடுத்து, 320-க்கு முதலிலும் 186-க்குப் பிறகும் கொடுத்தார்கள். யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். பள்ளிச் சேர்க்கை கூடியது, குறிப்பாக நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை. உலகத்தில் பல நாடுகள் இதைப் பார்த்துத் திட்டம் போட்டன. 2002-ல் ஒரு பெயர் மாற்றம், 2014-ல் இன்னொரு பெயர் மாற்றம். 2019-ல் புதிய அரசு அதை மூடிவிட்டு வேறு உதவித்தொகைகளைக் கொண்டுவந்தது. இவ்வளவு ஆதாரம் கையில் இருந்த திட்டமே அரசியல் மாறியதும் போய்விட்டது என்றால், யார் முடிவெடுக்கிறார்கள், எதற்காக எடுக்கிறார்கள் என்பது விருப்பப் பாடமாக இருக்க முடியுமா?

இன்னொன்று. ஓர் இடத்தில் வேலை செய்தது இன்னோர் இடத்தில் ஏன் செய்ய வேண்டும் என்று பொருளாதார நிபுணர் ஆங்கஸ் டீட்டன் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 2018-ல் தத்துவவியலாளர் நான்சி கார்ட்ரைட்டோடு சேர்ந்து இதைப் பற்றி விரிவாகவும் எழுதினார். டீட்டனும் நோபல் வாங்கியவர்தான், 2015-ல். கணக்கு தெரியாமல் பேசுகிறார் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த எம்.எஸ்சி.யில், இப்படி யார் எதற்காக முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்கும் அரசியல் பொருளாதாரத்துக்கு ஒரு பாடம்கூட இல்லை என்றால் நான் போக மாட்டேன்.

அடிக்குறிப்பு:

அரசியல் பொருளாதாரம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? இருந்தாலும் அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன். பாடப் பட்டியலில் அதையும் சேர்த்துத் தேடுங்கள். மெக்ஸிகோ விஷயத்தில் ஒன்று மட்டும்: எத்தனையோ திட்டங்கள் ஒரு தேர்தலைக்கூடத் தாண்டாத உலகத்தில் அது ஆட்சிகள் மாறியும் இருபது ஆண்டுக்கு மேல் ஓடியது. அதில் மதிப்பீட்டுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

குழாயடி:

இருவருக்கும் நன்றி. அந்த இந்தோனேசியக் கணக்கை இரண்டு தடவை வாசித்த பிறகு ஒன்று உறைத்தது. நாங்கள் குழாய் போட்ட ஊர்களை எல்லாம் லாரி போகும் சாலை இருக்கிறதா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். அப்படியென்றால் குழாய் இல்லாத ஊரோடு ஒப்பிடவே முடியாதா? டெசர்டேஷனுக்கு (பட்டத்துக்கான ஆய்வேட்டுக்கு) இந்தத் தரவைப் பயன்படுத்தலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

அடிக்குறிப்பு:

கோட்டையை இடிக்க வேண்டாம். சாலை உள்ள ஊரில் சந்தை பக்கம், மருத்துவமனை பக்கம், கூலி வேலை பக்கம். குழாய் இல்லாமலேயே அங்கே வயிற்றுப்போக்கு குறைவாக இருக்கலாம். அதனால் சாலை இல்லாத ஊரை விட்டுவிடுங்கள். சாலை உள்ள ஊர்களுக்குள்ளேயே யாருக்கு முதலில் வந்தது, யாருக்குப் பிறகு வந்தது என்று பாருங்கள். அந்த வரிசையை எது தீர்மானித்தது? பைப் வந்து சேர்ந்த தேதியா, ஊர்த் தலைவரின் செல்வாக்கா? முதலாவது என்றால் வேலை செய்யலாம், இரண்டாவது என்றால் கஷ்டம். இத்தனை வீட்டுக்கு மேல் இருந்தால்தான் திட்டம் என்று ஏதாவது எல்லைக்கோடு இருந்ததா என்றும் பழைய கோப்புகளில் தேடுங்கள். கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் ஊரும் சற்றுக் கீழே இருக்கும் ஊரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், அதுவே உங்கள் ஒப்பீடு.

அளக்கும் விஷயத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் வீட்டுக்குள் குழாய் இணைப்பு எடுக்கக் கடன் ஏற்பாடு செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. நீரால் வரும் நோய் குறையவில்லை. அவர்கள் அதற்கு முன் தெருக்குழாயில் பிடித்ததும் நல்ல தண்ணீர்தான். ஆனால் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் மிச்சமானது, தண்ணீரை வைத்து நடக்கும் சண்டை குறைந்தது, மக்கள் சந்தோஷமாக இருந்தார்கள். கென்யாவில் ஊற்றுகளைச் சுற்றிக் கட்டிப் பாதுகாத்த ஆய்வு ஒன்று 2011-ல் வந்தது. அங்கே தண்ணீரின் மாசு பெருமளவு குறைந்து, குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. உங்கள் ஊர்களில் முன்பு என்ன தண்ணீர் குடித்தார்கள் என்று தெரியாமல் வயிற்றுப்போக்கை மட்டும் அளந்தால் 'பலன் இல்லை' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

தரவுத்தேனீ:

ஓரமாக ஒரு விஷயம். நிறுவனத்தின் தரவை மட்டும் நம்பாதீர்கள், கடைசி நேரத்தில் அனுமதி இல்லை என்பார்கள். எழுத்தில் வாங்கி வையுங்கள். மாற்றாக டி.எச்.எஸ். (மக்கள்தொகை, சுகாதார ஆய்வு) என்ற வீட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. 1984-லிருந்து வளரும் நாடுகளில் நடந்தது, குடிநீர் எங்கிருந்து வருகிறது, குழந்தைக்குக் கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்ததா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். ஆனால் 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றதும் அந்தத் திட்டமே முடங்கியது, அதனால் யுனிசெஃபின் மிக்ஸ் என்ற வீட்டுக் கணக்கெடுப்பையும் உலக வங்கியின் எல்.எஸ்.எம்.எஸ். என்ற வாழ்க்கைத்தரக் கணக்கெடுப்பின் தரவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டி.எச்.எஸ். இடக்குறிப்பை வைத்து உங்கள் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். யாருடைய வீடு என்று தெரியக்கூடாது என்பதற்காக நகரத்தில் 2 கிலோமீட்டர் வரையும் கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரையும் புள்ளியை வேண்டுமென்றே நகர்த்தி வைத்திருப்பார்கள். கிராமப் புள்ளிகளில் ஒரு சதவீதம் 10 கிலோமீட்டர் வரைகூடத் தள்ளிப் போயிருக்கும். குழாய் இருக்கும் ஊரையும் கணக்கெடுப்பு நடந்த ஊரையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதைவிட மாவட்ட அளவில் திட்டமிடுவது நல்லது.

குழாயடி:

புள்ளியை நகர்த்துவார்கள் என்று தெரியவே தெரியாது, நல்ல வேளை. எல்லைக்கோடு விஷயத்துக்குப் பழைய கோப்புகளைக் கேட்டிருக்கிறேன். இரண்டு துறைக்கும் வாரவாரிப் பாடத்திட்டம் அனுப்பச் சொல்லி மெயில் போட்டுவிட்டேன். எம்.எஸ்சி. துறை உடனே அனுப்பிவிட்டது, மூன்றாவது வாரமே இன்ஸ்ட்ருமென்டல் வேரியபிள். அரசியல் பொருளாதாரமும் ஒரு பாடம் இருக்கிறது, மறுபக்கம் அவர்களே.