சுண்ணாம்புச் சுவரில் பழைய காட்சித்தாள்

கேள்வி: வேலூர்ல பழைய வீடு, சுவர் அடியில் ஓதம். பிரான்ஸின் ஜூபர் நிறுவனத்தின் 1807 ‘இந்துஸ்தான்’ காட்சி வால்பேப்பரில் (மொத்தம் 20 தாள், சேர்ந்து ஒரே பெரிய படம்) இரண்டு தாள் இருக்கு. நேரா ஒட்டலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். உப்பு பூத்து வண்ணத்தைத் தள்ளிடும். மரச்சட்டத்தில் காடாத்துணியை இழுத்து அடிச்சு, வெறும் தாள் ஒரு படை ஒட்டிக் காய்ந்தபின் இதை ஒட்டுங்க. சுவருக்கும் சட்டத்துக்கும் ஓர் அங்குலம் இடைவெளி.

பதில் 2: பசைக்கு மைதா 1 பங்கு, தண்ணீர் 5, காய்ச்சி வடிகட்டணும். போஸ்டர் பசை மாதிரி மயில்துத்தம் போடாதீங்க, தாளை அரிக்கும். தாளின் படப் பக்கத்தில் ஈரத்துணியே படக்கூடாது. மரக்கட்டை அச்சில் பதிச்ச பசைவண்ணம் (பசையில் குழைச்ச வண்ணம்), கரைஞ்சுடும்.

கேட்டவர்: தாளின் உயரம் சட்டத்தைவிட மிச்சமானா?

பதில் 1: வெட்டிக்கத்தான் படத்தில் மேலே அவ்வளவு வானம்! ஆனா வெட்டாதீங்க, சட்டத்தை உயரமாக்குங்க.