கடைசித் தெருவுக்குச் செய்தி போனதா? ஊர்ச் செய்தி பற்றிச் சில அனுபவங்கள்

சிவகங்கை மாவட்டத்திலிருந்து:

எங்கள் ஊராட்சியில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். கண்மாய்க் கரையை ஒட்டிய கடைசித் தெருவில் என் சின்னம்மா தனியாக இருக்கிறார். ஓட்டு வீடு, ஒரு பக்கச் சுவர் மழையில் கரைந்துபோயிருக்கிறது. கையில் இருப்பது பட்டன் போன்.

2023 அக்டோபர் 2, கிராம சபைக் கூட்டம். இரண்டு நாள் முன்பே ஊர் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்துவிட்டது. ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். எங்கள் அளவு ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வந்தார்கள். வரவு செலவு வாசித்தார்கள், அப்புறம் வீடு கட்டும் திட்டத்துக்கான பெயர்ப் பட்டியல். "விட்டுப்போன பெயர் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சின்னம்மா கடலைக்காட்டு வேலை முடிந்து வந்தார். "இன்னைக்குக் கூட்டமாமே, ஏன்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் குழுவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 240 பேர். கடைசித் தெருவிலிருந்து நாலு பேர். அந்த நாலு பேரும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை செய்கிற பையன்கள். ஊருக்குள் இருக்கிற அந்தத் தெருக்காரர் ஒருவர்கூட இல்லை. குழுவில் போட்டாயிற்று என்றால் ஊருக்கே சொல்லியாயிற்று என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நல்லவேளை, 2022-லிருந்து வருடத்துக்கு நாலு என்று இருந்த கிராம சபை ஆறாகிவிட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-உடன் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. அதனால் ஒரே மாதத்தில் அடுத்த வாய்ப்பு வந்தது. அதற்கு முந்தின நாள் அந்தத் தெருவில் வீடு வீடாக நானே போய்ச் சொன்னேன். 31 வீடு, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சின்னம்மா கூட்டத்தில் எழுந்து நின்று தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். பெயர் சேர்ந்திருக்கிறது. வீடு இன்னும் வரவில்லை.

உங்கள் ஊரில் செய்தி எப்படிப் போகிறது? பழைய மாதிரி தண்டோராவே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நேரம் தோன்றுகிறது. அதில் யாரும் விட்டுப்போக மாட்டார்களே.

*

மதுரைப் பக்கத்திலிருந்து:

அண்ணே, உங்கள் சின்னம்மாவுக்காக நீங்கள் நடந்தது சரி. ஆனால் கடைசி வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தமுக்கு அடித்தவரின் பேரன் நான்.

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்று தாத்தா ஆரம்பித்தால் ஊரே வாசலுக்கு வரும் என்பார்கள். கண்மாய் மடை திறப்பு, வரி கட்டக் கடைசி நாள், சாமிக்குக் காப்புக் கட்டு, எல்லாம் அவர் குரலில்தான் போகும். ஆனால் மேல்சாதித் தெருக்களில் அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். யார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார முடியாது. கேதம், அதாவது சாவுச் செய்தி சொல்லப் போவது இன்னும் கொடுமை. ராத்திரி எந்நேரம் ஆனாலும் வந்து கூப்பிடுவார்கள். மழையோ காய்ச்சலோ, நாலு ஊருக்கு நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். கூலி என்று கையில் காசு கிடையாது. அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் ஓரமாக நின்றால் நெல் அளந்து போடுவார்கள், அதுவும் அவர்களுக்குத் தோன்றிய அளவு. அதற்கு ஊர் வைத்த பெயர் 'உரிமை'. வேண்டாம் என்று சொல்லும் உரிமை மட்டும் அதில் இல்லை. தாத்தாவுக்குப் பிறகு அப்பாவையும் கூப்பிட்டார்கள். அப்பா கொத்து வேலைக்கு வெளியூர் போனதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, இனி தண்டோரா போடத் தேவையில்லை, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் செய்தியை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமே உன் பிள்ளையை எவனும் கூப்பிட முடியாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

கடைசி வீடு வரைக்கும் அன்று செய்தி போனது உண்மைதான். ஒரு மனிதனை மறுக்க முடியாத இடத்தில் நிறுத்தி நடக்க வைத்ததால் போனது. அந்த வேலையை இப்போது ஊரில் எல்லோரும் முறை போட்டுச் செய்யட்டும். நீங்கள் 31 வீடு நடந்தீர்களே, அந்த மாதிரி.

*

திருநெல்வேலியிலிருந்து:

எங்கள் பக்கம் துட்டி, அதாவது சாவுச் செய்திதான் எல்லாவற்றையும்விட வேகமாகப் போகும். போன வருடம் ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர். இறந்தது ஒருவர், குழுவில் 'கண்ணீர் அஞ்சலி' என்று படம் போட்டது இன்னொருவருக்கு. வெளியூரில் கட்டிக்கொடுத்த அவர் மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி பஸ் ஏறிவிட்டாள். பாதி வழியில் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. விடிகாலையில் வந்து இறங்கியவள் அப்பா வாசலில் பல் துலக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். படம் போட்ட பையன் அவள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். துட்டி வீட்டுக்காரர் ஒருவரிடம் பேசாமல் யாரும் படம் போடக்கூடாது என்று இப்போது வைத்திருக்கிறோம்.

*

திருவாரூர் மாவட்டத்திலிருந்து:

கஜா புயலைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு முழுக்கப் படுத்துக் கிடக்கிறது. கரண்ட் கம்பங்கள் வயலில் கிடக்கின்றன. செல்போன் டவர் வேலை செய்யவில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 23 நாள் ஆனது. பக்கத்து ஊரில் இருக்கிற அக்கா உயிரோடு இருக்கிறாளா என்பதே எனக்கு மூன்றாம் நாள்தான் தெரியும்.

அப்போது பள்ளிக்கூடத்தில் வேலை செய்த ஒரு டீச்சர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். வகுப்பறைக் கரும்பலகை ஒன்றை நாலு பேரை விட்டுத் தூக்கிவந்து பஸ் நிறுத்தத்தில் சாய்த்து வைத்தார். எந்த ரோட்டில் மரம் அகற்றியாயிற்று, எந்த முகாமில் எத்தனை குடும்பம், தார்ப்பாய் எங்கே தருகிறார்கள், ஜெனரேட்டர் வைத்து எந்தத் தொட்டிக்கு எப்போது தண்ணீர் ஏற்றுகிறார்கள், எல்லாம் சுண்ணக்கட்டியில் எழுதுவார். சைக்கிளில் சுற்றி வரும் பையன்கள் சேதி கொண்டுவருவார்கள். பக்கத்தில் நேரம் போடுவார், யார் சொன்னது என்றும் எழுதுவார். தப்பு என்று தெரிந்தால் அழிக்காமல் குறுக்கே கோடு போட்டுச் சரியானதைக் கீழே எழுதுவார். "அழிச்சிட்டா, காலையில படிச்சிட்டுப் போனவங்களுக்கு எது தப்புன்னு தெரியாதே" என்பார். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காலையும் மாலையும் யாராவது ஒரு பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும்.

பலகை அதே நிறுத்தத்தில் இன்றும் இருக்கிறது. வெயிலில் வெளுத்துவிட்டது, ஆனாலும் எழுதுகிறோம். திருநெல்வேலிக்காரர் சொன்னது மாதிரித் தப்பான துட்டி எங்கள் ஊரில் வராததற்கு அந்த 'யார் சொன்னது' என்கிற வரிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

*

சிவகங்கை மாவட்டத்திலிருந்து, மறுபடியும்:

தம்பி, தண்டோரா பற்றி நான் எழுதியது தப்பு. செய்தி போனதைத்தான் பார்த்தேன், கொண்டுபோனவரைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்த குடும்பம் எது என்று அம்மாவிடம் கேட்டேன். அதே கடைசித் தெருதான். அவர்கள் வாய் வழியாகவே எல்லாச் செய்தியும் கேட்டு வளர்ந்த ஊர், இப்போது அவர்கள் தெருவுக்கே சொல்லாமல் விட்டிருக்கிறது. இதை ஊர்க் கூட்டத்திலும் சொல்லப் போகிறேன்.

திருவாரூர் யோசனையை எடுத்துக்கொண்டோம். கடைசித் தெரு அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறோம். கிராம சபைக்கு முந்தின நாள் வீடு வீடாகப் போக முறைப்பட்டியலும் போட்டாயிற்று. எல்லாத் தெருக்காரர்களும் அதில் உண்டு.

நேற்று டேங்க் ஆபரேட்டர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தேன். மேல்நிலைத் தொட்டி கழுவுகிறார்கள், காலையில் தண்ணீர் வராது. சின்னம்மா பின்னால் வந்து நின்று எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தார். "என் வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்ணைப் பங்குக்கு வளர்க்க வாரத்துக்கு விடலாம்னு இருக்கேன், வேணுங்கிறவங்க வரட்டும். அதையும் எழுது" என்றார்.

எழுதினேன். நேரமும் போட்டேன். யார் சொன்னது என்ற இடத்தில் அவர் பெயர்.